மட்டை, பந்து, ஆறு வயது: தொடக்கப் பள்ளியில் பந்தடிக்கக் கற்பித்தல்

தொடக்கப் பள்ளிப் பிள்ளைகளுக்கான அடிப்படை உடல் திறன்களில் மட்டையால் பந்தை அடிப்பது மிகக் கடினமானவற்றுள் ஒன்று. ஓடவும் தாண்டவும் உடம்பு ஒன்று போதும். எறியும்போது, எப்போது எறிவது என்பதை எறிகிறவரே முடிவு செய்யலாம். பிடிக்கும்போது நேரத்தைப் பந்து தீர்மானிக்கிறது. ஆனாலும் பிடிப்பது பழகிய சொந்தக் கை. மட்டையடியில் எல்லாச் சிக்கலும் ஒன்றாக வந்து சேர்கின்றன: வேறொருவர் அனுப்பும் பந்து, கைக்கு அப்பால் நீண்டிருக்கும் மரம், இரண்டும் சந்தித்தாக வேண்டிய ஒரு கணம். இவ்வளவு கடினமான ஒன்றை நம் பள்ளிகள் பெரும்பாலும் கற்றுக்கொடுப்பதில்லை. பி.டி. பீரியடில் மட்டையையும் பந்தையும் கையில் கொடுத்து, "போய் விளையாடுங்க" என்று அனுப்பிவிடுகிறோம். தெருவில் ஏற்கெனவே ஆடிப் பழகியவன் அடிக்கிறான். மற்றவர்கள் பந்து பொறுக்குகிறார்கள்.

எந்த வயதில் தொடங்குவது, எதிலிருந்து தொடங்குவது, எந்தக் கருவியோடு, எப்படிச் சொல்லிக்கொடுப்பது என்ற கேள்விகளை அரை நூற்றாண்டாக உடல்திறன் வளர்ச்சி ஆய்வாளர்களும் உளவியலாளர்களும் பயிற்சியாளர்களும் தனித்தனியே ஆராய்ந்துவந்திருக்கிறார்கள். அவற்றைச் சேர்த்துப் பார்த்தால் ஒரு முடிவு திரண்டு வருகிறது. சிறு பிள்ளைக்குப் பந்தடிக்கக் கற்பிக்கும் ஆசிரியர், பிள்ளையின் கை காலைத் திருத்துவதற்கு முன் பந்தையும் மட்டையையும் தூரத்தையும் திருத்த வேண்டும். அதற்கும் முன்னால், ஒவ்வொரு பிள்ளைக்கும் எத்தனை பந்து கிடைக்கிறது என்று பார்க்க வேண்டும்.

வளர்ச்சியின் படிகள்

நான்கைந்து வயதுப் பிள்ளையிடம் மட்டையைக் கொடுத்துப் பாருங்கள். பந்து வரும் பக்கம் நெஞ்சைக் காட்டி நேராக நிற்கும். கால்கள் இரண்டும் நட்டுவைத்த இடத்திலேயே இருக்கும். மட்டை தலைக்கு மேலே போய், விறகு பிளப்பதுபோல மேலிருந்து கீழே இறங்கும். இடுப்பு திரும்பாது, தோளும் திரும்பாது, வேலை முழுவதும் முழங்கைக்குத்தான். ஓரிரு ஆண்டுகள் பழகிய பிள்ளை பக்கவாட்டில் திரும்பி நிற்கும், மட்டையைக் கிடையாக வீசும். ஆனால் இடுப்பும் தோளும் ஒரே கட்டையாகச் சேர்ந்து திரும்பும். முதிர்ந்த வீச்சில் முன்கால் முதலில் போகிறது, அடுத்து இடுப்பு, பிறகு தோள், கடைசியில் கையும் மட்டையும். ஒன்றன்பின் ஒன்றாக வருவதால்தான் மட்டையின் நுனியில் வேகம் சேர்கிறது.

அமெரிக்காவின் மிச்சிகன் மாநிலப் பல்கலைக்கழகத்தில் வெர்ன் சீஃபெல்ட்டும் ஜான் ஹாபென்ஸ்ட்ரிக்கரும் இத்தகைய படிநிலைகளை விரிவாக வகுத்தார்கள். வயது ஏறினால் படி தானாக ஏறிவிடும் என்று இதற்குப் பொருளில்லை. அடிப்படைத் திறன்கள் கைவராத பிள்ளை பின்னாளில் எந்த விளையாட்டிலும் நுழைய முடியாமல் ஒரு தடுப்பில் முட்டி நிற்கும் என்று சீஃபெல்ட் 1980-இல் எழுதினார். ஆஸ்திரேலியாவின் நியூ சௌத் வேல்ஸில் லிசா பார்னெட்டும் உடன் ஆய்வாளர்களும் 2009-இல் வெளியிட்ட ஆய்வு இந்தக் கருத்துக்கு வலுச் சேர்க்கிறது. தொடக்கப் பள்ளியில் அளந்த அதே பிள்ளைகளை அவர்கள் பதின்வயதில் மீண்டும் பார்த்தார்கள். சிறு வயதில் எறிதல், பிடித்தல், உதைத்தல் போன்ற பந்துத் திறன்களில் தேறியிருந்தவர்களே வளர்ந்தபின் உடலுழைப்புள்ள விளையாட்டுகளில் கூடுதலாக ஈடுபட்டிருந்தார்கள்.

பிள்ளை எந்தப் படியில் இருக்கிறது என்று அளக்க உலகெங்கும் பயன்படுவது டேல் உல்ரிக் உருவாக்கிய சோதனை. 1985-இல் வந்து, இப்போது மூன்றாம் பதிப்பில் இருக்கிறது. இடுப்பளவு உயரத்தில் ஒரு தாங்கியின் மேல் பந்தை வைத்து, பிளாஸ்டிக் மட்டையால் அடிக்கச் சொல்வார்கள். பந்து எவ்வளவு தூரம் போனது என்பதற்கு மதிப்பெண் இல்லை. கைகள் சரியான வரிசையில் பிடித்திருக்கின்றனவா, உடம்பு பக்கவாட்டில் நிற்கிறதா, இடுப்பும் தோளும் திரும்பினவா என்பன போன்ற சில குறிகளை மட்டும் பார்த்து, உண்டு, இல்லை என்று குறிப்பார்கள். அரை மணி நேரம் பழகினால் எந்த வகுப்பாசிரியரும் இப்படிப் பார்க்கக் கற்றுக்கொள்ளலாம்.

நிற்கும் பந்தா, வரும் பந்தா?

எளிதிலிருந்து கடினத்துக்குப் போக வேண்டும் என்பதில் யாருக்கும் கருத்து வேறுபாடு இல்லை. எது எளிது என்பதில்தான் இருக்கிறது. அமெரிக்க உடற்கல்வியாளர் அமைப்பான 'ஷேப் அமெரிக்கா' 2014-இல் வெளியிட்ட வகுப்புவாரி இலக்குகள் ஒரு தெளிவான வரிசையைத் தருகின்றன. மழலையர் வகுப்பில் குட்டையான பிடியுள்ள தட்டையால் லேசான பொருளை அடிப்பது. இரண்டாம் வகுப்பில் தாங்கியில் வைத்த பந்தை மட்டையால் அடிப்பது. எறியப்படும் பந்தை முதிர்ந்த வீச்சில் அடிப்பது ஐந்தாம் வகுப்பில்தான் வருகிறது. இங்கிலாந்தின் தேசியப் பாடத்திட்டம் இதைவிட மெதுவாகப் போகிறது. முதல் இரண்டு வகுப்புகளுக்கு ஓடுதல், தாண்டுதல், எறிதல், பிடித்தல் ஆகியவற்றைப் பெயர் சொல்லிக் குறிப்பிடுகிறது, அடித்தலைக் குறிப்பிடுவதில்லை. கிரிக்கெட், டென்னிஸ் பெயர்கள் அதற்கு மேல்தான் வருகின்றன.

தாங்கியில் வைத்த பந்து தவறிப்போகாது. பிள்ளை வீச்சை மட்டும் கவனிக்கலாம். இது ஒரு தரப்பின் வாதம். மட்டையடியின் உயிரே வரும் பந்தைப் படித்து நேரம் பார்ப்பதில் இருக்கிறது. பந்தை நிறுத்திவைத்துப் பழகினால் அந்தப் பாதி பழகாமலே போகும் என்பது எதிர்த்தரப்பு. இரண்டிலும் உண்மை இருக்கிறது. தாங்கியை முதல் சில வாரங்களுக்கு மட்டும் வைத்துக்கொண்டு, பிறகு தரையில் உருண்டு வரும் பந்து, கயிற்றில் கட்டித் தொங்கும் பந்து, ஒருமுறை குத்தி எழும் பந்து என்று நகர்வதே நடைமுறைக்கு ஒத்துவரும். உருண்டு வரும் பந்துக்கு உயரம் மாறாது. பிள்ளை திசையையும் நேரத்தையும் மட்டும் கணித்தால் போதும்.

இங்கே பெரியவர்கள் வழக்கமாகச் செய்கிற ஒரு காரியத்தைக் கேள்விக்குள்ளாக்கும் ஆய்வு ஒன்று உண்டு. சின்னப் பிள்ளைதானே என்று பந்தை முடிந்தவரை மெதுவாக வீசுவோம். கனடாவின் மெக்மாஸ்டர் பல்கலைக்கழக ஆய்வாளர்கள் 2005-இல் ஐந்து வயதுப் பிள்ளைகளின் பார்வையைப் பெரியவர்களோடு ஒப்பிட்டார்கள். வேக வேறுபாட்டைக் கண்டறிவதில் பிள்ளைகள் பொதுவாகவே பின்தங்கியிருந்தார்கள். மெதுவான அசைவில் அந்தப் பின்தங்கல் இன்னும் அதிகமாக இருந்தது. ஊர்ந்து வரும் பந்தின் வேகத்தைக் கணிப்பது பிள்ளைக்கு நாம் நினைப்பதைவிடக் கடினம். பிள்ளை தடுமாறினால் பந்தை இன்னும் மெதுவாக்குவதற்குப் பதில், பெரிய பந்தை, கிட்டத்திலிருந்து, சற்றே வேகம் கூட்டி அனுப்பிப் பார்க்கலாம்.

கிரிக்கெட் மரபில் இன்னொரு சிக்கல். முன்காலை வைத்துக் கட்டை போடுவதிலிருந்துதான் பயிற்சி தொடங்க வேண்டும் என்பது பழைய பாடம். ஆறு வயதுப் பிள்ளைக்கு அது இயல்பாக வராது, பிடிக்கவும் பிடிக்காது. ஓங்கி அடிக்கச் சொன்னால் இடுப்பும் தோளும் தாமாகத் திரும்பத் தொடங்கும். மெதுவாகத் தட்டச் சொன்னால் கை மட்டும்தான் அசையும். முதலில் வேகம், பிறகு குறி என்பதே இந்த வயதுக்குச் சரியான வரிசை. நேர் மட்டையும் தடுப்பாட்டமும் எட்டு ஒன்பது வயதுவரை காத்திருக்கலாம்.

கருவியைச் சிறிதாக்குதல்

கருத்து வேறுபாடு மிகக் குறைவாகவும் பயன் மிக அதிகமாகவும் உள்ள பகுதி இது. டென்னிஸ் முன்னோடியாக இருந்திருக்கிறது. பத்து வயதுக்குட்பட்டோர் போட்டிகளில் வழக்கமான மஞ்சள் பந்தைப் பயன்படுத்தக் கூடாது என்று சர்வதேச டென்னிஸ் கூட்டமைப்பு 2012 முதல் விதியாக்கியது. வேகம் குறைந்து தாழ்வாக எழும் சிவப்பு, ஆரஞ்சு, பச்சைப் பந்துகள் அந்த இடத்துக்கு வந்தன. அதற்கு முன்பே 2010-இல் டேமியன் ஃபாரோவும் மச்சார் ரீடும் எட்டு வயதையொட்டிய புதியவர்களை வைத்து ஆராய்ந்திருந்தார்கள். பெரியவர்களின் ஆடுகளத்தில் பெரியவர்களின் பந்தோடு பழகிய பிள்ளைகளுக்கு அடிக்கும் வாய்ப்பே குறைவாகக் கிடைத்தது, கற்றதும் குறைவு.

கிரிக்கெட் ஆடுகளத்தின் நீளம் 22 கஜம், அதாவது 20.12 மீட்டர். இந்தத் தூரத்தில் ஒன்பது வயதுப் பிள்ளை வீசும் பந்து இரண்டு முறை குத்தும், அல்லது அகன்று போகும். அடிக்கிறவருக்கு அடிக்கத் தகுந்த பந்து வருவதில்லை. அதனால்தான் ஆஸ்திரேலியாவின் இளையோர் கிரிக்கெட் பத்து வயதையொட்டியவர்களுக்கு ஆடுகளத்தை 16 மீட்டராகக் குறுக்கியது. தொடக்கப் பள்ளியில் அந்தத் தூரம்கூட வேண்டாம். எட்டு பத்து அடி தள்ளி நின்று கீழ்க்கையால் தூக்கிப் போடுவதில் தொடங்கலாம்.

மட்டைக்கும் இதே கணக்குதான். அண்ணனின் மட்டையைப் பிடிக்கும் தம்பி, கனம் தாங்காமல் பிடியின் அடியில் கையை இறக்கிக்கொள்கிறான். மட்டையின் மேல் முனை வயிற்றில் இடிக்கிறது. வீச்சு கோணலாவதற்குத் திறமைக் குறைவு காரணமில்லை, கனம்தான் காரணம். எளிய சோதனை ஒன்று: மேலே இருக்கும் கையால் மட்டும் மட்டையைப் பிடித்து, முன்னால் கிடையாக நீட்டச் சொல்ல வேண்டும். சில நொடிகளிலேயே நுனி தொய்ந்தால் அந்த மட்டை அந்தப் பிள்ளைக்கு வேண்டாம்.

விலை கொடுத்து வாங்கித்தான் ஆக வேண்டும் என்பதில்லை. தென்னை மட்டையின் அடிப்பகுதியைச் செதுக்கிக் கிரிக்கெட் ஆடாத தலைமுறை நம் கிராமங்களில் இல்லை. காய்ந்த தென்னை மட்டை லேசானது, அகலமானது. பிடியைப் பிள்ளையின் கைக்கு ஏற்பச் செதுக்கிக்கொள்ளலாம். பழைய காலுறைக்குள் கந்தல் துணியைத் திணித்துத் தைத்தால் பந்து. அது அதிகம் எழும்பாது, பட்டாலும் வலிக்காது, தாழ்வாரத்தில்கூட ஆடலாம். தாங்கிக்கு மணல் நிரப்பிய தண்ணீர்ப் பாட்டில் போதும்.

இந்த இடத்தில் கிட்டிப்புள்ளையும் நினைக்க வேண்டும். தரையில் கிடக்கும் புள்ளை ஒரு தட்டில் எழுப்பி, அந்தரத்தில் மறுபடி அடிக்கும் அந்த ஆட்டம் கண்ணையும் கையையும் இணைக்கும் அருமையான பயிற்சி. ஆனால் கூர்முனையுள்ள கட்டை முகத்தில் பட்டால் கண்ணே போகலாம். நாற்பது பிள்ளைகள் நிற்கும் பள்ளித் திடலில் புள்ளுக்குப் பதில் துணிப்பந்தைப் பயன்படுத்துவதே பொறுப்பான வழி. ஒரு கையால் தூக்கிப் போட்டுத் தானே அடிக்கும் பயிற்சியில் அதே பலன் பெருமளவு கிடைத்துவிடும்.

எப்படிச் சொல்வது, எங்கே பார்ப்பது

"முழங்கையைத் தூக்கு, முட்டியை மடி, இடுப்பைத் திருப்பு" என்று அடுக்கினால் ஆறு வயதுப் பிள்ளை உறைந்து நின்றுவிடும். கேப்ரியேல் வுல்ஃப் 1990-களின் பிற்பகுதியிலிருந்து செய்துவரும் ஆய்வுகள் இதற்கு விளக்கம் தருகின்றன. தன் உடலுறுப்பில் கவனம் வைப்பவரைவிட, அசைவின் விளைவில் கவனம் வைப்பவர் நன்றாகக் கற்கிறார். "கையை நீட்டு" என்பதைவிட "அந்தச் சுவருக்கு அனுப்பு" என்பது மேல். ரிச் மாஸ்டர்ஸ் 1992-இல் தொடங்கிய ஆய்வு வரிசையும் இதையொட்டியதே: விதிகளை மனப்பாடம் செய்து கற்றவர்கள் பதற்றம் வந்தால் தடுமாறுகிறார்கள்.

சிங்கப்பூரில் பத்து வயதையொட்டிய 24 சிறுமிகளுக்கு நான்கு வாரம் டென்னிஸ் முன்கையடி கற்பித்த ஆய்வு 2014-இல் வெளியானது. ஒரு குழுவுக்கு 'இதுதான் சரியான வடிவம்' என்று படிப்படியாகச் சொல்லிக்கொடுத்தார்கள். மற்றக் குழுவுக்கு வடிவம் எதையும் சொல்லாமல், வலையின் உயரத்தையும் களத்தின் அளவையும் மாற்றி மாற்றிக் கொடுத்தார்கள். இரண்டு குழுக்களுமே முன்னேறின. இரண்டாம் குழுவில் ஒவ்வொருவரும் தனக்கு உகந்த ஒரு வடிவத்தைக் கண்டடைந்திருந்தார்கள்.

டான் பிராட்மேனின் கதை இதற்குப் பொருந்தும் சான்று. பவ்ரல் என்ற ஆஸ்திரேலியச் சிற்றூரில் வீட்டுத் தண்ணீர்த் தொட்டியின் அடிச்சுவரில் கோல்ஃப் பந்தை எறிந்து, அது திரும்பி வருவதைக் கிரிக்கெட் ஸ்டம்பால் அடித்து வளர்ந்தவர் அவர். அவர் மட்டையைப் பிடித்த விதமும் பின்னால் தூக்கிய விதமும் பயிற்சிப் புத்தகங்களுக்கு ஒத்துவராதவை. அவருடைய டெஸ்ட் சராசரி 99.94.

"பந்தைக் கடைசிவரை பார்" என்ற அறிவுரைக்கும் ஆய்வுகள் திருத்தம் சொல்லியிருக்கின்றன. மைக்கேல் லேண்டும் பீட்டர் மெக்லியோடும் 2000-இல் கிரிக்கெட் மட்டையாளர்களின் கண்ணசைவைப் பதிவு செய்தார்கள். பந்து கையை விட்டுக் கிளம்புவதைப் பார்த்தபின், அவர்களின் கண் பந்தைவிட்டு முன்னால் தாவி, அது குத்தப்போகும் இடத்தில் போய்க் காத்திருந்தது. டேவிட் மேனும் குழுவினரும் 2013-இல், தேர்ந்த மட்டையாளர்களின் தலை பந்தோடு சேர்ந்து திரும்புவதைக் காட்டினார்கள். ஆகவே சிறு பிள்ளைக்குச் சொல்ல வேண்டியது இரண்டே: "வீசுகிறவர் கையைப் பார், மூக்கைப் பந்தோடு திருப்பு." வீசுகிறவரும் பந்தை உயர்த்திக் காட்டிவிட்டு வீச வேண்டும்.

எந்தக் கை மேலே என்பதிலும் அவசரம் வேண்டாம். மேனும் சகாக்களும் 2016-இல் வெளியிட்ட ஆய்வில், வலுவான கை மேலே இருக்கும்படி, அதாவது வழக்கத்துக்கு மாறாக நிற்பவர்களின் விகிதம் தொழில்முறை மட்டையாளர்களிடையே மிக அதிகம் என்று கண்டார்கள். இடது கையால் எழுதும் டெண்டுல்கர் வலது பக்கமாக நின்று ஆடினார். வலது கையால் பந்து வீசும் கங்குலி இடது பக்கமாக நின்றார். பிள்ளை தானாக எந்தப் பக்கம் நிற்கிறதோ அந்தப் பக்கம் நிற்கட்டும்; சில நாள் மறுபக்கமும் நின்று பார்க்கட்டும்.

பயிற்சியா, ஆட்டமா?

பயிற்சி ஒரே மாதிரி இருக்க வேண்டுமா, மாறி மாறி வர வேண்டுமா என்பது முதல் கேள்வி. 1978-இல் கெர், பூத் என்ற ஆய்வாளர்கள் எட்டு வயதுப் பிள்ளைகளிடம் ஒரு சோதனை செய்தார்கள். சிறு பைகளை இலக்கை நோக்கி எறிய வேண்டும். ஒரு குழு மூன்றடித் தூரத்தில் மட்டும் பழகியது. மற்றது இரண்டடியிலும் நான்கடியிலும் பழகியது. மூன்றடியில் சோதித்தபோது, அந்தத் தூரத்தில் ஒருமுறைகூட எறியாத இரண்டாம் குழு முன்னுக்கு வந்தது. 1994-இல் அமெரிக்கக் கல்லூரி பேஸ்பால் வீரர்களிடம், பந்து வகைகளைக் கலந்து பழகியவர்கள் ஒவ்வொரு வகையாகப் பழகியவர்களைவிட அதிகம் முன்னேறினார்கள். ஆனால் கல்லூரி வீரருக்குப் பொருந்துவது முதன்முதலாக மட்டை பிடிக்கும் பிள்ளைக்கு அப்படியே பொருந்தாது. தொடக்கத்தில் தவறு குறைவாக நேரும்படி பணியை எளிதாக்குவது நல்லது. ஆறேழு முறை தொடர்ந்து பந்து பட்டபின் தூரத்தையும் உயரத்தையும் மாற்றலாம்.

இங்கிலாந்தின் லஃப்பரோவில் டேவிட் பங்கரும் ராட் தார்ப்பும் 1982-இல் முன்வைத்த கருத்து, திறனை முதலில் கற்று ஆட்டத்தைப் பிறகு ஆடும் வரிசையைத் தலைகீழாக்கியது. பிள்ளை ஆட்டத்தைப் புரிந்துகொண்டால் திறனுக்கான தேவை தானாக எழும் என்றார்கள். நல்ல கருத்துதான், ஆனால் மட்டையடியில் ஒரு நிபந்தனை உண்டு: பந்து மட்டையில் படவே இல்லையென்றால் ஆட்டமே நடக்காது. தாங்கியில் வைத்த பந்தை ஆள் இல்லாத இடம் பார்த்து அடித்துவிட்டு ஓடும் சிறு ஆட்டம் இரண்டு தரப்புக்கும் பொதுவான நடுவழி.

முறை வராத பிள்ளைகள்

இத்தனை ஆய்வும் நம் பள்ளித் திடலில் ஒரு கூட்டல் கழித்தல் கணக்கில் வந்து முட்டுகிறது. 40 நிமிட பீரியடில் வரிசை கட்டி வந்து நின்றது போக 30 நிமிடம் மிஞ்சும். நாற்பது பிள்ளைகளுக்கு ஒரே மட்டை என்றால் ஆளுக்கு 45 நொடி, அதாவது மூன்று பந்து. நால்வர் கொண்ட பத்துக் குழுக்களாகப் பிரித்துக் குழுவுக்கு ஒரு மட்டை கொடுத்தால், அதே நேரத்தில் ஆளுக்கு ஏழரை நிமிடம் கிடைக்கும். கால் நிமிடத்துக்கு ஒரு பந்து என்றாலும் 30 பந்து. பத்து மடங்கு கற்றல், கூடுதல் ஆசிரியர் இல்லாமலே.

கூடுதல் ஆசிரியர் கிடைப்பதும் அரிது. 2009-ஆம் ஆண்டுக் கல்வி உரிமைச் சட்டத்தின் அட்டவணை, ஆறு முதல் எட்டாம் வகுப்புவரை நூறு மாணவருக்கு மேல் உள்ள பள்ளிகளுக்குத்தான் பகுதிநேர உடற்கல்விப் பயிற்றுநரைக் கேட்கிறது. ஒன்று முதல் ஐந்து வரை வகுப்பாசிரியரே எல்லாம். சமக்ர சிக்ஷா திட்டத்தின் விளையாட்டு மானியம் தொடக்கப் பள்ளிக்கு ஆண்டுக்கு 5,000 ரூபாய். அதில் ஒரு கிரிக்கெட் செட் வாங்கி அலமாரியில் பூட்டிவைப்பதைவிட, தச்சரிடம் சொல்லிப் பத்து லேசான பலகை மட்டைகள் செய்துகொள்வது மேல்.

ஒரே மட்டை இருக்கும் வகுப்பில் அது யார் கையில் இருக்கும் என்பதை நாம் அறிவோம். பந்துத் திறன்களில் பெண் பிள்ளைகள் பின்தங்குவதைப் பல நாட்டு ஆய்வுகள் சொல்கின்றன. பருவமடையாத வயதில் இரு பாலரின் உடலமைப்பில் பெரிய வேறுபாடு இல்லை. வேறுபாடு தெருவில் இருக்கிறது: பையன் மாலையெல்லாம் பந்தடிக்கிறான், பெண்ணுக்கு அந்த மாலை கிடைப்பதில்லை. அவளுக்குப் பள்ளி பீரியட் ஒன்றுதான் வாய்ப்பு. அங்கேயும் அவளை ஃபீல்டிங்குக்கு அனுப்பிவிட்டு, 'பெண்களுக்கு வராது' என்பது நம் வழக்கம்.

வகுப்பாசிரியருக்கு ஒரு வரிசை

முதல் இரண்டு வாரம் உள்ளங்கையால் பலூனையும் துணிப்பந்தையும் தட்டுதல், பிறகு சிறு தட்டையால். அடுத்த இரண்டு வாரம் பாட்டில் தாங்கியிலிருந்து ஓங்கி அடித்தல். தரையில் இரண்டு பாதங்களைச் சுண்ணாம்பால் வரைந்துவைத்தால் பக்கவாட்டில் நிற்கும்படி சொல்லிக்கொண்டே இருக்க வேண்டாம். ஐந்தாம் வாரம் உருளும் பந்து, ஆறாம் வாரம் ஒருமுறை குத்தும் பந்து, அதற்கடுத்து நால்வர் ஆட்டம். நால்வரில் ஒருவர் அடிக்க, ஒருவர் போட, இருவர் பொறுக்கலாம். ஐந்து பந்துக்கு ஒருமுறை இடம் மாறிக்கொள்ள வேண்டும்.

பாதுகாப்புக்கு மூன்று விதி போதும். எல்லாக் குழுவும் ஒரே திசையில் அடிக்க வேண்டும். அடிப்பவரைச் சுற்றி வரைந்த வட்டத்துக்குள் வேறு யாரும் வரக் கூடாது. விசில் ஊதிய பிறகே பந்தை எடுக்கப் போக வேண்டும். அடித்தபின் மட்டையை வீசியெறிந்துவிட்டு ஓடும் பழக்கம் முதல் நாளே நிற்க வேண்டும். மட்டையை வட்டத்துக்குள் வைத்துவிட்டு ஓடினால்தான் ஓட்டம் செல்லும் என்று விதி வைத்தால் நின்றுவிடும்.

சரியான வயது, தாங்கியின் இடம், கலந்து பழகுவதன் பலன் ஆகியவற்றில் ஆய்வாளர்களிடையே விவாதம் தொடரும். லேசான மட்டை, மென்மையான பந்து, குறைந்த தூரம், குறைந்த பேச்சு ஆகியவற்றில் இனி விவாதத்துக்கு அதிக இடமில்லை. ஒரு பீரியட் நன்றாக நடந்ததா என்று அறிய, அந்த வகுப்பின் சிறந்த மட்டையாளர் எவ்வளவு தூரம் அடித்தார் என்று பார்த்துப் பயனில்லை. அன்றைக்கு மிகக் குறைவாக அடித்த பிள்ளைக்கு எத்தனை பந்து கிடைத்தது, அதில் எத்தனை மட்டையில் பட்டன என்று ஆசிரியர் எண்ணட்டும். அந்த எண் வாரத்துக்கு வாரம் கூடினால், பாடம் நடக்கிறது.